கடைசியிலிருந்து படம் பார்த்த அப்பா

மிசாகுரா தீவில் ஒரே ஒரு சினிமாக் கொட்டகைதான் இருந்தது. பெயர் கமோமே. மொத்தம் நூற்றிருபது இருக்கைகள். அவற்றில் முப்பது இருக்கைகள் உட்கார்ந்தவரை எழுந்திருக்க விடாது. இருபது இருக்கைகள் உட்காரவே விடாது. மற்றவை நல்ல இருக்கைகள். நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் இல்லை.

கமோமேயில் டிக்கெட் வாங்கிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். படம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தாலும் போகலாம். முடிய ஐந்து நிமிடம் இருந்தாலும் போகலாம். மிச்சத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் அடுத்த காட்சி தொடங்கும். நாம் உள்ளே நுழைந்த இடம் திரையில் வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஜப்பான் முழுக்க அப்போது அப்படித்தான்.

என் பக்கத்து வீட்டு ஷின்பெய், பயணிகள் கப்பலில் கயிறு வீசுகிறவர். கப்பல் துறையை நெருங்கும்போது கயிற்றைச் சுழற்றி எறிவார். அது கரையில் உள்ள கட்டையில் மாலை மாதிரி போய் விழும். ஒருமுறை தும்மிக்கொண்டே எறிந்ததில் தபால்காரரின் சைக்கிளைக் கட்டி இழுத்துவிட்டார். தபால்காரர் அப்போது சைக்கிளில்தான் இருந்தார்.

மாலைக் கப்பல் ஐந்து இருபதுக்குக் கரை சேரும். ஷின்பெய் கை கழுவிவிட்டு நேரே கமோமேவுக்குப் போவார். அங்கே மாலைக் காட்சி ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு முடியும். ஆக, அவர் வாழ்க்கையில் பார்த்த எல்லாப் படங்களிலும் கடைசி அரை மணி நேரத்தைத்தான் முதலில் பார்த்தார்.

காதல் படத்தில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. முதலில் கல்யாணம் நடக்கும், பிறகு சண்டை போடுவார்கள். பல வீடுகளில் அப்படித்தானே.

ஆனால் அந்த ஆண்டு எங்கே பார்த்தாலும் துப்பறியும் படம். தடித் தடியான மர்ம நாவல்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார்கள். படம் பார்த்தவர்கள் நாவலைத் தேடினார்கள், நாவல் படித்தவர்கள் படத்துக்கு ஓடினார்கள். எங்கள் ஊர்ப் பல் மருத்துவர், நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருக்க, ஒரு அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் பல்லைப் பிடுங்கினார். அது எனக்கு நன்றாகத் தெரியும். என் பல்தான்.

ஷின்பெய்க்குப் பத்து வயதில் ஒரு மகள், கயோகோ. வீட்டில் அவர்கள் இருவர்தான். அந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே மெல்லிய பலகைச் சுவர். நான் ஒட்டுக் கேட்பதில்லை. காதை அந்தப் பக்கம் வைத்துத் தூங்குவேன், அவ்வளவுதான்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கயோகோ கேட்டாள். "துப்பறியும் படம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"ஏன் தெரியாது? முப்பது படம் பார்த்திருக்கேன். முதல்ல எல்லாரையும் ஒரு ரூம்ல உக்கார வெச்சு, ஒருத்தனைப் பிடிச்சுப் போலீஸ்ல கொடுத்துடுவாங்க. அப்புறம் செத்துப்போனவங்க ஒவ்வொருத்தரா வந்து டீ குடிப்பாங்க, சிரிச்சுப் பேசுவாங்க. மனசுக்கு நிம்மதியா இருக்கும்."

கயோகோவின் கையிலிருந்த சோற்றுக் கிண்ணம் அப்படியே நின்றது.

"கொலை பண்ணது யாருன்னு நீங்க ஒரு தடவைகூட யோசிச்சதே இல்லையா?"

"அதான் வந்த உடனே சொல்லிடறாங்களே. இதுல யோசிக்க என்ன இருக்கு? ஊறுகாயைத் தள்ளு."

அன்று கயோகோவால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அவள் வாடகை நூல் கடையில் எடுத்த மர்ம நாவல்களைப் பாலத்தடியில் உட்கார்ந்து படிக்கிறவள். யாராக இருக்கும், யாராக இருக்கும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் அந்தச் சுகம் அவளுக்குத் தெரியும். முப்பது படம் பார்த்த அப்பாவுக்கு அது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

இது மட்டும் என்றால் பரவாயில்லை. அடுத்த வாரம் ஒரு பெரிய வம்பு வந்தது.

வழக்கம்போல ஷின்பெய் முடிவைப் பார்த்துவிட்டு அடுத்த காட்சிக்கு உட்கார்ந்திருந்தார். கொட்டகை நிறையப் புது ஆட்கள். படம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். திரையில் ஒரு மருந்துக் கடைக்காரர் குனிந்து வணங்கி, ஒரு அம்மாளுக்கு டீ கொடுத்தார்.

ஷின்பெய் இளகிய மனசுக்காரர். கப்பலில் கூவிக் கூவிப் பழகிய தொண்டை வேறு.

"ஐயோ, அதைக் குடிக்காதம்மா," என்றார்.

எழுபது பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எழுபது பேரும் மருந்துக் கடைக்காரரைப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு மணி நேரப் படம் பாக்கி இருந்தது.

மறுநாள் கமோமேயின் வாசலில் ஒரு பலகை தொங்கியது.

'துப்பறியும் படங்கள் ஓடும் நாட்களில் ஷின்பெய்க்கு உள்ளே அனுமதி இல்லை. இப்படிக்கு, நிர்வாகம்.'

நிர்வாகம் என்பது முதலாளி முராகியும் அவருடைய பூனையும்.

பள்ளிவிட்டு வந்த கயோகோ பலகையை இரண்டு முறை படித்தாள். பிறகு புத்தகப் பையோடு நேரே உள்ளே போனாள். முராகி துடைப்பத்தோடு நின்றார்.

"முராகி மாமா, அந்தப் பலகையில பேரு தப்பா இருக்கு."

"ஷின்பெய்னுதானே எழுதினேன்?"

"அங்க உங்க கதவோட பேரை எழுதணும். கடைசி அரை மணி நேரத்துல ஆளை உள்ள விட்டது கதவு. தப்பு அதோடது. எங்கப்பா மேல எதுக்குப் பழி போடறீங்க?"

"டிக்கெட் வாங்கினவனுக்கு இந்தக் கதவு திறந்துதான் இருக்கும். எங்கப்பா காலத்துலேர்ந்து நாற்பது வருஷமா அப்படித்தான்."

"அப்போ எங்கப்பாவுக்கும் திறங்க."

"அது முடியாது."

"அப்போ கடைசி அரை மணிக்கு எல்லாருக்கும் மூடுங்க."

"அதுவும் முடியாது."

"ரெண்டுல ஒண்ணு முடிஞ்சுதானே ஆகணும்?"

முராகி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "இதோ பாரு, உன் வாய் ரொம்ப நீளுது. உங்க வாத்தியார்கிட்ட சொல்லவா?"

"சொல்லுங்க," என்றாள் கயோகோ. "ஆனா முதல்லேர்ந்து சொல்லுங்க."

டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த யாசுயோ அக்காவுக்கு இருமல் வந்தது. பின்னல் ஊசியில் இரண்டு கண்ணி நழுவிப்போயின.

வீட்டில் ஷின்பெய் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "விடும்மா. சண்டைப் படம் போடும்போது போய்க்கலாம்," என்றார். ஆனால் மறுநாள் மாலை கப்பலில் அவர் எறிந்த கயிறு, வாழ்க்கையில் முதல்முறையாக, தண்ணீரில் விழுந்தது. கயோகோ துறையில் நின்று அதைப் பார்த்தாள். நேரே வாடகை நூல் கடைக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை அடுத்த படம் வந்தது. 'இரண்டு தேநீர்க் கோப்பைகள்' என்ற தடி நாவலை வைத்து எடுத்தது. மூன்றே நாள்தான் ஓடும். நாவல் கயோகோவிடம் இருந்தது. முழுக்கப் படித்துவிட்டாள். கொலைகாரன் யார் என்பது அவளுக்குத் தெரியும். அதை வாயில் வைத்த பெரிய மிட்டாயைப் போல உதட்டை இறுக்கிக் காத்தாள்.

சனிக்கிழமை காலை அப்பாவிடம் சொன்னாள். "கப்பல் வந்ததும் கமோமேவுக்கு வாங்க."

"பலகையில என் பேரு தொங்குதேம்மா."

"உள்ளதான் அனுமதி இல்லைன்னு போட்டிருக்கு. வெளிக்கூடத்தைப் பத்தி அதுல ஒண்ணுமே இல்ல. நல்லாப் படிச்சுப் பார்த்துட்டேன்."

அன்று மாலைக் கப்பலில் நானும் வந்தேன். அக்கரைச் சந்தையில் எட்டு ஆக்டோபஸ் கொண்டுபோய் ஏழுதான் விற்றிருந்தேன். எட்டாவது என் வாளியை விட்டு வரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டதால் திரும்பக் கொண்டுவந்தேன். கப்பலை விட்டு இறங்கியவர்களில் ஷின்பெய்யையும் சேர்த்துப் பதினேழு பேர் கமோமேவுக்கு நடந்தோம். எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்தார் யாசுயோ அக்கா.

வெளிக்கூடத்தில் இரட்டைக் கதவு மூடியிருந்தது. அதன் முன்னால் ஒரு முக்காலி. முக்காலியில் கயோகோ. மடியில் தடி நாவல்.

"தள்ளி உக்காரும்மா, உள்ள போகணும்," என்றார் டோஃபு கடை கோந்தா.

"இப்ப போகக்கூடாது, மாமா. ஆறே காலுக்கு அடுத்த காட்சி. அப்ப போலாம்."

"டிக்கெட் வாங்கிட்டு வெளிய நிக்கவா? எங்க பரம்பரையிலேயே அப்படி ஒருத்தன் நின்னதில்ல."

"இப்ப போனா கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிடும்."

"அதைப் பாக்கத்தானே போறேன்."

"யாரைக் கொன்னாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

"செத்தது யாருன்னே தெரியாம, கொன்னது யாருன்னு தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க?"

கோந்தா கையிலிருந்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய பரம்பரையில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"யாசுயோ, இந்தப் பொண்ணை நகரச் சொல்லு," என்றார் பின்னால் நின்ற பல் மருத்துவர்.

"டிக்கெட் கொடுக்கிறதுதான் என் வேலை," என்றார் யாசுயோ அக்கா, பின்னலிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "கதவு என் வேலை இல்ல."

"நான் நகரமாட்டேன்," என்றாள் கயோகோ. "உங்களை சும்மா நிக்க வைக்கவும் மாட்டேன். உக்காருங்க." நாவலைப் பிரித்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள்.

"'மழை மூன்று நாளாக நிற்கவில்லை. சோயா சாறு காய்ச்சும் அந்தப் பழைய வீட்டின் பெரியவர், தன் மூன்று மருமக்களையும் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். ஆனால் மேசையில் ஐந்து கிண்ணங்கள் இருந்தன. ஐந்தாவது கிண்ணம் யாருக்கு என்று ஒருவரும் கேட்கத் துணியவில்லை...'"

கோந்தா நின்றபடி கேட்டார். இரண்டாம் பக்கத்தில் சுவரில் சாய்ந்தார். மூன்றாம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஐந்தாம் பக்கத்தில் பதினேழு பேரும் தரையில் இருந்தோம். என் ஆக்டோபஸ் வாளியின் விளிம்பில் கையூன்றி எட்டிப் பார்த்தது. அது கதை கேட்டதா என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அசையவில்லை.

"'விடிந்ததும் கிடங்கின் கதவை உடைத்தார்கள். உள்ளிருந்து தாழிட்ட கதவு. சன்னல் இல்லாத அறை. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்த நிலையிலேயே இறந்திருந்தார். அவர் முன்னால் இரண்டு தேநீர்க் கோப்பைகள். இளைய மருமகன் தொட்டுப் பார்த்தான். இரண்டுமே இன்னும் சூடாக இருந்தன.'"

கயோகோ நாவலை மூடினாள்.

பதினேழு பேரும் அவள் பக்கமாக ஒரு முழம் நகர்ந்தோம்.

"அப்புறம்?" என்றார் ஷின்பெய்.

"அப்புறம் படத்துல."

"உள்ள தாழ்ப்பாள். சன்னல் இல்ல," ஷின்பெய் விரலை மடக்கினார். "அப்போ ரெண்டாவது கோப்பையில குடிச்சது யாரு?"

கயோகோ அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்கப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

"தெரியல இல்ல?" என்றாள் மெல்ல.

"தெரியலையே," என்றார் அவர். மடக்கிய விரலை விரித்து, மறுபடியும் மடக்கினார். "என்னம்மா இது, ஒரு மாதிரி பண்ணுது."

அப்போதுதான் முராகி மாடிப்படியில் இறங்கி வந்தார். பாதிப் படியிலேயே அவர் வெகுநேரம் நின்றிருந்தார் என்று யாசுயோ அக்கா பிறகு சொன்னார். தரையில் பதினேழு பேரைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"என்ன நடக்குது இங்க? டிக்கெட் வாங்கினவங்களை யார் வெளிய உக்கார வெச்சது? கயோகோ, எழுந்திரு. நாற்பது வருஷமா இந்தக் கதவு..."

"எழுந்திருக்கமாட்டேன்."

"உன்னை முக்காலியோட தூக்கி வெளிய வெப்பேன்."

"தூக்குங்க. தெருவுல உக்காந்து ரெண்டாவது அத்தியாயம் படிப்பேன். இவங்க எல்லாரும் அங்க வந்துடுவாங்க."

பதினேழு பேரும் தலையாட்டினோம்.

முராகி கதவின் கைப்பிடியைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து, கதவுக்குப் பின்னாலிருந்து, படத்தில் வரும் துப்பறிவாளரின் குரல் கணீரென்று கேட்டது.

"அந்த இரண்டாவது கோப்பையில் தேநீர் குடித்தவர்... இந்த அறையில்தான் இருக்கிறார்."

கமோமேயின் கதவும் என் வீட்டுச் சுவரும் ஒரே தச்சர் செய்தவை. பதினேழு பேரும் ஒரே நொடியில் காதைப் பொத்திக்கொண்டோம். கோந்தா, படம் பார்த்தபடி கொறிக்க வாங்கிய காய்ந்த கணவாய்த் துண்டை இரண்டு காதிலும் செருகினார். பல் மருத்துவர் என் வாளியில் தலையை விடப் பார்த்து, அங்கே ஏற்கெனவே ஆள் இருப்பதைக் கண்டு விலகினார். ஷின்பெய் காதையும் பொத்தி, கண்ணையும் மூடி, முழங்காலுக்கு நடுவில் தலையைப் புதைத்துக்கொண்டார்.

கயோகோ முராகியை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கைகள் கைப்பிடியில் இல்லை. இரண்டு சுட்டு விரல்களும் இரண்டு காதுகளுக்குள் ஆழமாகப் போயிருந்தன.

"மாமா, நீங்க எதுக்குக் காதைப் பொத்தறீங்க?"

"நான் ஒண்ணும் கேக்கலை," என்று தேவைக்கு மேல் உரக்கச் சொன்னார் முராகி. "எனக்கு ஒண்ணும் கேக்கலை. யாரும் எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்க."

பாவம், கொட்டகை முதலாளிக்கு ஒரு படத்தையும் முழுதாகப் பார்க்க நேரம் இருந்ததில்லை. அவரும் முதல் அத்தியாயத்தைக் கேட்டுவிட்டார். இனி அவரும் எங்களில் ஒருவர்.

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கதவு திறந்தது. உள்ளிருந்து வந்தவர்கள், வெளிக்கூடத்தில் பதினெட்டுப் பேர் காதைப் பொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். சட்டென்று பேச்சை நிறுத்தி, தூங்கும் குழந்தையைத் தாண்டுவதைப் போல நுனிக்காலில் நடந்து போனார்கள். ஒரு இளைஞன் மட்டும், "அட, அந்த..." என்று தொடங்கினான். யாசுயோ அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் வாயில் ஒரு கணவாய்த் துண்டை வைத்தார். அது வேலை செய்தது.

முராகி யாரிடமும் பேசாமல் வாசலுக்குப் போனார். மைக்கட்டியைத் தண்ணீர் விட்டு உரசி, தூரிகையை எடுத்தார். பலகையில் ஷின்பெய் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் 'கடைசி அரை மணி நேரத்தில் யாருக்கும்' என்று எழுதினார். பிறகு முதல் ஆளாக உள்ளே போய் நடு வரிசையில் உட்கார்ந்தார்.

கயோகோ அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆளுக்கு ஒரு கோலி சோடா. மற்றவர்கள் திரையைப் பார்த்தார்கள். அவள் பாதி நேரம் அப்பாவைத்தான் பார்த்தாள்.

"தோட்டக்காரன்," என்று கிசுகிசுத்தார் ஷின்பெய். "பாரு, நடையே சரியில்ல."

கயோகோ சோடாவை உறிஞ்சினாள்.

சிறிது நேரம் கழித்து, "இல்லம்மா, மூத்த மருமகன்."

கயோகோ கோலியை உருட்டினாள்.

"அந்தச் சமையல்காரம்மா? சீ, அவங்க நல்லவங்க. கயோகோ, உனக்குத் தெரியும்தானே? ஒரே ஒரு எழுத்துச் சொல்லு."

"மாட்டேன்."

"அப்பா கேக்கறேன்."

"யார் கேட்டாலும் மாட்டேன்."

கடைசிக்கு முன்னால் ஷின்பெய் ஒரு பூனையையும், இரண்டு போலீஸ்காரர்களையும், துப்பறிவாளரையுமே சந்தேகப்பட்டு முடித்திருந்தார். பிறகு அந்த அறை வந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். துப்பறிவாளர் மெல்ல நடந்து ஒருவர் முன்னால் நின்றார்.

ஷின்பெய் மூச்சு விடவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"இவரா?" என்றார் கடைசியில், காற்றைப் போல. "இவரா?"

கொலைகாரன் யார் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. முதலிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் விட்டதும் ஷின்பெய் வீட்டுக்குப் போகவில்லை. காலை நான்கு மணிக்கு எழ வேண்டியவர், கப்பல் துறையின் கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நாளைக்கும் இதே படம்தானே?" என்றார்.

"ஆமா. ஆனா உங்களுக்குத்தான் இப்ப தெரிஞ்சுபோச்சே."

"அதான் போகணும். கண்ணு முன்னாலேயே இருந்திருக்காரு. எனக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு முதல்லேர்ந்து பாக்கணும்."

கயோகோவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு முகத்தைக் கடுமையாக வைத்தாள். "புதுசா வர்றவங்க நூறு பேர் இருப்பாங்க. வாயை மூடிட்டுப் பாப்பீங்களா?"

"பாப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கொட்டகை நிரம்பி வழிந்தது. படம் தொடங்கிப் பன்னிரண்டாவது நிமிடத்தில் அந்த ஆள் முதல்முறையாகத் திரைக்கு வந்து, ரொம்பச் சாதுவாகச் சிரித்தார். ஷின்பெய்யின் முதுகு விறைத்தது. கழுத்து சிவந்தது. இருக்கையின் கைப்பிடியை அவர் பிடித்த பிடியில் அது மளுக்கென்று உடைந்து கையோடு வந்துவிட்டது.

ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.